காலையில் புளிக்கும் இலை

லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஆய்வேட்டில் 1815-இல் ஒரு சின்னக் கடிதம் அச்சானது. எழுதியவர் பெஞ்சமின் ஹெய்னே என்ற ஜெர்மானியர். மொரேவியன் சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, 1819-இல் சென்னையிலேயே இறந்துபோனவர். ஒரு செடியின் இலையைக் காலையில் மென்றால் நல்ல புளிப்பு. வெயில் ஏற ஏறப் புளிப்பு இறங்குகிறது. நண்பகலில் ருசியே இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். அவரிடம் கருவி எதுவும் இல்லை, நாக்கு மட்டும் இருந்தது.

அந்தச் செடி நமக்கு நன்றாகத் தெரிந்த ரணகள்ளி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இலையைப் புத்தகத்துக்குள் வைத்து, விளிம்பில் குட்டிச் செடி முளைப்பதைப் பார்த்துக் குதிப்பார்களே, ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று, அதேதான். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். இங்கே வேலியோரத்தில் யாரும் கவனிக்காமலே வளர்ந்து கிடக்கிறது.

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஆசையோடு கொடுத்த செய்முறை இந்த இலைதான். விடுதிப் பிள்ளைகளிடம் ஓர் இலையை விடிவதற்குள்ளும் இன்னொன்றை மதியம் மூன்று மணிக்கும் பறித்து, நசுக்கி, சாற்றைப் பி.எச். தாளில் தடவிவரச் சொல்வேன். மெல்லச் சொல்லமாட்டேன். ஹெய்னே துணிச்சல்காரர், இந்தச் செடியில் ஆடுமாடுகளின் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. காலைத் தாள் சிவப்புப் பக்கம் சாயும். மதியத் தாள் மஞ்சளோடு நின்றுவிடும்.

ஒரு வருடம் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “ராத்திரியில செடிக்கு அசிடிட்டி வருதா மேடம்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

“வருதுப்பா. ஆனா அதுக்கு வயிறு எரியாது. ஏன்னு யோசிச்சுட்டு வா” என்றேன்.

அவன் யோசித்தானோ இல்லையோ, கேள்வி சரியான கேள்வி. ஒரு செல் தனக்குள் புளியை வைத்துக்கொண்டு தான் மட்டும் புளிக்காமல் இருப்பது எப்படி? இதற்குப் பதில் தேடிப் போனால் வேர் எப்படி உரத்தை எடுக்கிறது என்ற இடத்தில் போய் நிற்போம். இரண்டும் வேறு வேறு பாடம் என்று புத்தகங்கள் பிரித்துவைத்திருக்கின்றன. செடிக்கு அப்படி ஒரு பிரிவே கிடையாது என்பது என் கட்சி.

முதலில் ரணகள்ளியின் இரவு. வறண்ட இடத்துச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் தண்ணீர் போய்விடும். அதனால் அது இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கிறது. பச்சை ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலம்தான். பகலில் துளைகளை இறுக மூடிக்கொண்டு, அமிலத்தை உடைத்து, உள்ளேயே வெளிப்படும் கரியமில வாயுவை வைத்துச் சூரிய ஒளியில் சமையலை முடித்துக்கொள்கிறது. கற்றாழை, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி, டிராகன் பழக் கொடி, பிரண்டைத் தண்டு எல்லாம் இந்த வழக்கம் உள்ளவைதான்.

அந்த அமிலம் எங்கே இருக்கிறது? செல்லின் நடுவில் வாக்குவோல் என்று ஒரு பை. முதிர்ந்த தாவரச் செல்லில் பத்தில் ஒன்பது பங்கு இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். உயிர்ச்செயல் முழுக்க நடக்கும் சைட்டோபிளாசம், பைக்கும் சுவருக்கும் இடையில் மெல்லிய படலமாக ஒட்டிக் கிடக்கும். ரணகள்ளியில் விடிகாலை வாக்குவோலின் பி.எச். 3.5 அருகே இறங்கிவிடும். சுற்றியுள்ள சைட்டோபிளாசமோ 7.2 முதல் 7.5 வரை, ஏறக்குறைய நடுநிலையில் அசையாமல் நிற்கும். பி.எச். கணக்கில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். ஆக, பைக்கு உள்ளே வெளியைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். எலுமிச்சையில் இது இன்னும் மோசம், பி.எச். 2.5 வரை போகும். இவ்வளவுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட தடிமன் இல்லாத கொழுப்புச் சவ்வு.

சைட்டோபிளாசம் ஏன் இவ்வளவு கறார்? நொதிகள் எல்லாம் புரதங்கள். அவற்றின் மடிப்பும் மின்னேற்றமும் ஹைட்ரஜன் அயனியின் அளவைப் பார்த்தே அமையும். அந்த அளவு மிகச் சின்னது. சைட்டோபிளாசத்தில் முப்பது லட்சம் பொட்டாசியம் அயனிக்குத் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனி சுமார் ஒன்றுதான். இந்த ஒன்று பத்தானால் செல்லின் பாதி வேலை நின்றுபோகும். 1984-இல் மக்காச்சோள வேர்நுனிகளை ஆக்சிஜன் இல்லாமல் வைத்து, காந்த ஒத்ததிர்வு முறையில் உள்ளே பி.எச். அளந்து பார்த்தார்கள். வெள்ளத்தில் மூழ்கிய வேர் சாவதற்கு ஆற்றல் குறைவு மட்டும் காரணமில்லை, அமிலம் வாக்குவோலிலிருந்து கசிந்து சைட்டோபிளாசம் புளித்துப்போவதும் காரணம் என்று தெரிந்தது. டெல்டாக்காரியான எனக்கு மழைக்காலத்தில் வயலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

சரி, பத்தாயிரம் மடங்கு வித்தியாசத்தைத் தாங்கிப் பிடிப்பது யார்? இதற்கு ரணகள்ளியை விட்டுவிட்டுக் குளத்துக்குப் போக வேண்டும்.

கேரா என்று ஒரு நீர்ப்பாசி. எங்கள் பக்கத்து வாய்க்கால்களிலும் தேங்கின வயல் நீரிலும் தாராளமாகக் கிடைக்கும். தொட்டால் சொரசொரப்பு, மோந்தால் பூண்டு நாற்றம். அதனாலேயே மாணவிகள் கிட்டே வரமாட்டார்கள். அதன் நெருங்கிய உறவு நைட்டெல்லா, கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கும். இவற்றின் பெருமை இது: ஒரு கணுவிலிருந்து அடுத்த கணு வரை ஒரே செல். ஐந்து சென்டிமீட்டர், பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒற்றைச் செல்! கேராவின் பல வகைகளில் அதன் மேல் மெல்லிய செல்களால் ஓர் உறை இருக்கும். நைட்டெல்லாவில் அதுவும் இல்லை, அப்பட்டமாகத் தெரியும். சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே சைட்டோபிளாசம் ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே, நிற்காமல். 1774-இல் இத்தாலியரான கோர்ட்டி இதைக் கண்டு எழுதினார். கைக்கு அடங்கும் செல் என்பதால் ஊசியைச் செருகலாம், நுனியை வெட்டிச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்கலாம். ஆய்வகத்துக்காகவே செய்து அனுப்பியதுபோல் ஒரு பாசி, பூண்டு நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால்.

அப்படி வடித்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த டென்னிஸ் ஹோக்லண்ட். மொட்டைமாடியில் மண்ணில்லாமல் கீரை வளர்ப்பவர்கள் ‘ஹோக்லண்ட் கரைசல்’ என்று கேள்விப்பட்டிருப்பார்கள், அவரேதான். 1920-களில் அவரும் டேவிஸ் என்பவரும் நைட்டெல்லாவின் சாற்றையும் அது வளர்ந்த குளத்து நீரையும் ஒப்பிட்டார்கள். குளத்து நீரில் பொட்டாசியம் லிட்டருக்கு 0.05 மில்லிமோல், செல் சாற்றில் 54. ஆயிரம் மடங்குக்கு மேல். குளோரைடு சுமார் நூறு மடங்கு. கடலில் வளரும் வலோனியா என்ற பாசியில் கதை இன்னும் விநோதம். திராட்சைப்பழ அளவுக்கு ஒற்றைச் செல் அது. கடலில் சோடியம் 498, செல்லுக்குள் 90. கடலில் பொட்டாசியம் வெறும் 12, செல்லுக்குள் 500. சுற்றிலும் சோடியக் கடல். அதைத் தள்ளிவிட்டு அரிதான பொட்டாசியத்தைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறது. பெர்முடா தீவுக் கரையில் எடுத்த வலோனியாவை வைத்து ஆஸ்டர்ஹௌட் என்ற அமெரிக்கர் இதையே பல ஆண்டு துருவினார்.

இது தானாக நடக்காது. உப்பு எப்போதும் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். எதிர்த்திசையில் ஏற்றவேண்டுமானால் யாரோ உழைக்க வேண்டும். ஹோக்லண்ட் செல்களை இருட்டில் வைத்தால் சேமிப்பு தளர்ந்தது. வெளிச்சம் காட்டினால் வேகம் பிடித்தது. உழைக்கிறது என்பது அப்போதே நிச்சயமாகிவிட்டது. உழைப்பவர் யார் என்று தெரிய இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

இடையில் நடந்தது சுவாரசியம். நம் உடம்புச் செல்கள் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்றை வைத்திருக்கின்றன. டென்மார்க்கின் ஸ்கௌ 1957-இல் அதைக் கண்டறிந்து பிற்பாடு நோபல் பரிசும் வாங்கினார். தாவரக்காரர்களும் அதையே தேடினார்கள். நைட்டெல்லாவில் மின்முனையைச் செருகி அளந்தால் செல்லின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 200 மில்லிவோல்ட் வரை எதிர்மின்னாக இருந்தது. பொட்டாசியம் கசிவதால் வரும் மின்னழுத்தம் என்று கணக்குப் போட்டால் அவ்வளவு வரவில்லை. 1968-இல் கிதாசாதோ என்ற ஜப்பானியர், இந்தச் செல் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது, மின்னழுத்தம் அந்த வேலையால் வருவது என்று எழுதினார். 1972-இல் ஸ்பான்ஸ்விக் நைட்டெல்லாவிலேயே அதை உறுதிப்படுத்தினார். நம் உடம்பில் சோடியம் செய்யும் வேலையைச் செடியில் புரோட்டான் செய்கிறது என்பது அப்புறம் பூஞ்சையிலும், வேரிலும், இலையிலும் தெளிவானது.

நம் வீட்டு ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிவிடுகிறோம். அப்புறம் குளியலறை, சமையலறை, தோட்டக் குழாய் எதற்கும் தனித்தனி மோட்டார் வேண்டாம். செல்லும் தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்துப் புரோட்டானை வெளியே ஏற்றிவிடுகிறது. உள்ளே எதிர்மின், வெளியே புரோட்டான் கூட்டம். திரும்பி வர அவை முண்டும். அந்த வேகத்தில் ஒரு வாசலில் பொட்டாசியம் மின்னிழுப்பால் உள்ளே வரும். இன்னொரு வாசலில் புரோட்டான் திரும்பும்போது கையோடு நைட்ரேட்டையும் கூட்டிவரும், இன்னொன்றில் பாஸ்பேட், வேறொன்றில் சர்க்கரை. மோட்டார் ஒன்று, குழாய் பல.

சவ்வு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சவ்வின் தடிமன் ஏறக்குறைய 7 நானோமீட்டர். அதன் இரு பக்கத்துக்கும் இடையில் 150 மில்லிவோல்ட் என்றால், ஒரு மீட்டர் தூரத்துக்கு நீட்டிக் கணக்கிட்டால் இரண்டு கோடி வோல்ட். ஒரு புல் நுனியில் உள்ள ஒவ்வொரு செல்லும் அப்படித்தான் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

பையன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை பாதி கிடைத்துவிட்டது. புரோட்டானை வெளியே தள்ளுவது உணவு எடுக்க மட்டும் உதவவில்லை, சைட்டோபிளாசத்தின் புளிப்பை அகற்றும் வேலையும் அதுவே. இன்னொரு ஜோடி பம்ப், வாக்குவோலின் சவ்வில் உட்கார்ந்து புரோட்டானைப் பைக்குள் தள்ளுகிறது. ரணகள்ளியில் மாலிக் அமிலம் அந்த வழியாகத்தான் இரவெல்லாம் உள்ளே போய் அடைபடுகிறது. சைட்டோபிளாசம் இரண்டு பக்கமும் கதவைப் பிடித்துக்கொண்டு நடுநிலையில் நிற்கிறது.

அதுவும் போதாதபோது செல் தானே அமிலம் தயாரித்துக்கொள்ளும் அல்லது தயாரித்ததை உடைக்கும். 1973-இல் டேவிஸ் என்ற ஆங்கிலேயர் இந்த யோசனையை முன்வைத்தார் (ஹோக்லண்டோடு இருந்த டேவிஸ் வேறு). காரம் கூடினால் மாலிக் அமிலம் செய்யும் நொதி சுறுசுறுப்பாகிறது. அமிலம் கூடினால் அதை உடைக்கும் நொதி முன்னுக்கு வருகிறது. ரணகள்ளி செய்வது தனிப்பட்ட அதிசயம் ஒன்றும் இல்லை. எல்லாச் செல்லுக்கும் உள்ள கைவேலையைப் பெரிதாக்கி இரவுத் தொழிலாக வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

கேராவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் இதையெல்லாம் கண்ணால் காட்டும் பாசி அது. பீனால் ரெட் என்ற சாயம் அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு. அந்தச் சாயம் கலந்த நீரில் கேராவின் ஒரு செல்லை அசையாமல் கிடத்தி வெளிச்சத்தில் வையுங்கள். சிறிது நேரத்தில் செல்லைச் சுற்றி மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை, மறுபடி மஞ்சள் என்று வரிசையாகத் தோன்றும். ஒரே செல், ஒரே சவ்வு; ஆனால் ஓரிடத்தில் புரோட்டானை வெளியே தள்ளுகிறது, பக்கத்து இடத்தில் உள்ளே விடுகிறது. அமிலப் பட்டையில் பி.எச். ஆறு அருகே, காரப் பட்டையில் ஒன்பதைத் தாண்டும். விளக்கை அணைத்தால் பட்டைகள் மங்கிப்போகும். இந்தச் செய்முறையில் மட்டும் பூண்டு நாற்றம் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை.

பாசிக்கு இதில் என்ன லாபம்? குளத்து நீரில் கரியமில வாயு பெரும்பாலும் பைகார்பனேட் வடிவில் கிடக்கும். அமிலப் பட்டையில் அது உடைந்து வாயுவாகி எளிதில் உள்ளே போகும். காரப் பட்டையில் நீரிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படியும். கேராவின் சொரசொரப்பு அந்தச் சுண்ணாம்புதான்.

கேம்பிரிட்ஜின் என்னிட் மெக்ராபி என்ற பெண்மணி இந்தப் பாசிகளில்தான் தொடங்கினார். கதிரியக்க அயனிகளை விட்டு, எது எவ்வளவு வேகத்தில் உள்ளே போகிறது, வெளியே வருகிறது என்று அளந்தார். பிறகு அதே கையோடு இலைத்துளையின் காவல் செல்களுக்குப் போனார். காவல் செல் புரோட்டானைத் தள்ளி, பொட்டாசியத்தை வாங்கி, மாலிக் அமில உப்பைச் சேர்த்து உப்பிக்கொண்டால் துளை திறக்கும். எல்லாவற்றையும் வெளியே விட்டால் மூடும். குளத்துப் பாசியில் படித்த பாடம் தென்னை ஓலையின் துளைக்கும் செல்லும் என்பதை ஒரே ஆள் தன் வாழ்நாளில் காட்டிவிட்டார்.

வாக்குவோலைக் குப்பைத் தொட்டி என்று எழுதும் புத்தகங்கள் எனக்கு ஆகாது. அது செடியின் முக்கியமான முடிவுகள் நிறைவேறும் இடம். நீல மார்னிங் குளோரிப் பூ மொட்டில் செவ்வூதாவாக இருந்து மலரும்போது வான நீலமாகிறது. நிறமி மாறுவதில்லை. இதழ்ச் செல்லின் வாக்குவோல் பி.எச். 6.6-லிருந்து 7.7-க்கு ஏறுகிறது என்று ஜப்பானியர்கள் 1995-இல் அளந்து சொன்னார்கள். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுவதும் இதே வேதியியல்தான், திசை மட்டும் தலைகீழ். இதழில் இந்த ஏற்றத்தைச் செய்வது, வாக்குவோலிலிருந்து புரோட்டானை வெளியே விட்டுச் சோடியத்தையோ பொட்டாசியத்தையோ உள்ளே மாற்றிக்கொள்ளும் ஒரு புரதம். அதே குடும்பத்துப் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைத்த சிறு செடிகள் உப்புத் தண்ணீரைத் தாக்குப்பிடித்தன என்று 1999-இல் ஒரு ஆய்வு வந்தது. பூவின் நீலமும் உவர் நிலத்தில் பிழைப்பதும் ஒரே வாசலைச் சேர்ந்தவை என்று யார் நினைத்திருப்பார்கள்! பிச்சாவரத்தில் வெண்கண்டல் கடல்நீரில் நிற்பதற்கும் இப்படிப்பட்ட வாசல்கள் துணை.

கொண்டைக்கடலைச் செடி அமிலத்தை உள்ளே வைத்துக்கொள்வதோடு நிறுத்துவதில்லை; இலை மயிர்கள் வழியே வெளியேயும் கசியவிடும். இரவில் செடி மேல் துணியை விரித்து, பனியோடு சேர்த்துப் பிழிந்தெடுத்ததுதான் சித்த மருந்துச் செய்முறைகளில் வரும் கடலைப் புளிப்பு. மாலிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் அதில் உண்டு.

இதுவரை சொன்னது வகுப்பறை. இனி வயல்.

பயிர் நைட்ரஜனை இரண்டு வடிவில் எடுக்கும்: நைட்ரேட், அம்மோனியம். மூட்டையில் எழுதியிருக்கும் நைட்ரஜன் சதவீதம் ஒன்றாகவே இருக்கலாம். செல்லுக்கு அவை எதிரெதிர். அம்மோனியத்தைப் புரதமாக மாற்றும்போது புரோட்டான் மிச்சமாகும். அதை வெளியே தள்ளியாக வேண்டும், தள்ளுவது வேரைச் சுற்றியுள்ள மண்ணுக்குள். நைட்ரேட்டை மாற்றும்போது புரோட்டான் செலவாகி உள்ளே காரம் மிஞ்சும். வேரில் நடந்தால் அந்தக் காரத்தை மண்ணுக்கு விட்டுவிடலாம். இலையில் நடந்தால்? இலை காற்றில் தொங்குகிறது, எங்கே கொண்டுபோய் விடும்? அங்கே செல் மாலிக் அமிலம் செய்து காரத்தை அடக்குகிறது. அந்த அமிலத்தின் ஒரு பங்கு பொட்டாசியத்தோடு சேர்ந்து வேருக்கு இறங்கி, பொட்டாசியம் மறுபடி நைட்ரேட்டைச் சுமந்துகொண்டு மேலே ஏறுகிறது. ஜான் ரேவன், ஆண்ட்ரூ ஸ்மித் இருவரும் 1970-களில் இந்த வரவு செலவை வரிவரியாக எழுதிவைத்தார்கள். தாவரவியலில் நான் மிக விரும்பிப் படித்த கணக்கு அது.

ஆகவே, ஒரே வகைப் பயிருக்கு அம்மோனியம் மட்டும் கொடுத்தால் வேரை ஒட்டிய மண் புளிக்கும். நைட்ரேட் மட்டும் கொடுத்தால் காரமேறும். வித்தியாசம் ஒரு பி.எச். படி, சில மண்ணில் இரண்டு படிகூட ஆகும். வருடக்கணக்கில் அம்மோனியம் சல்பேட் போட்ட நிலம் அமிலமாவதற்கு வேரும் ஒரு காரணம், மண் நுண்ணுயிர்கள் இன்னொரு காரணம். யூரியா முதலில் காரத்தைக் காட்டிவிட்டுப் பிறகு நைட்ரேட்டாக மாறும்போது அமிலப் பக்கம் திரும்பும்.

அரியலூர்ப் பக்கம் என் தம்பிக்கு நிலம். சுண்ணாம்புக் கல் பூமி. மண்வெட்டி போட்டால் சுக்கான் கல் வரும். நிலக்கடலை போட்டிருந்தான். நுனி இலைகள் எல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. போன் பண்ணினான்.

“அக்கா, கடைக்காரர் யூரியா பத்தலைங்கறாரு. இன்னும் ஒரு மூட்டை போட்டுட்டேன். வெளுப்பு போகல.”

“பழைய இலை பச்சையாத்தானே இருக்கு?”

“ஆமா, கொழுந்துதான் மஞ்சள்.”

“அப்போ நைட்ரஜன் இல்லடா, இரும்பு. நைட்ரஜன் பத்தலைன்னா கீழ இலைதான் முதல்ல பழுக்கும்.”

“நம்ம மண்ணுல இல்லாத இரும்பா?”

இருக்கிறது, மண்ணில் ஏராளமாக இருக்கிறது. ஆனால் காரமண்ணில் இரும்பு துருவாகப் பூட்டிக் கிடக்கும். நிலக்கடலை வேர் இரும்புப் பசி எடுத்தால் புரோட்டானை வெளியே தள்ளி, வேரைச் சுற்றி மண்ணைப் புளிக்க வைத்து, துருவைக் கரைத்து, வேர்ப்பரப்பில் உள்ள நொதியால் எடுக்கத்தக்க வடிவுக்கு மாற்றி உள்ளே இழுக்கும். குளத்து நைட்டெல்லாவில் பார்த்த அதே பம்ப்தான் இங்கும் வேலை செய்கிறது. சுண்ணாம்பு மண்ணில் அது எவ்வளவு தள்ளினாலும் பைகார்பனேட் அதைத் தின்றுவிடும். வேர் நாளெல்லாம் உழைத்தும் மண் புளிக்காது, இரும்பும் கரையாது. நெல், சோளம் போன்ற புல்லினங்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை வேரிலிருந்து கசியவிட்டு, அதோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 

தம்பி அன்னபேதிக் கரைசலை இலையில் தெளித்தான். கொழுந்து பச்சை திரும்பியது. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். அதை அந்த மண்ணில் போட்டிருந்தால் சில நாளிலேயே மறுபடி துருவாகிப் பூட்டிக்கொண்டிருக்கும். இலையில் தெளித்தால் மண்ணோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. கூடுதல் யூரியா மூட்டைக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

எதிர்முனையிலும் தொல்லை உண்டு. நீலகிரி போன்ற மலைகளின் அமில மண்ணில் பி.எச். ஐந்துக்குக் கீழே இறங்கினால் களிமண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். தேயிலைக்கு அது பழக்கம். அலுமினியத்தை வாங்கி முதிர்ந்த இலையில் சேர்த்துவைத்துக்கொள்ளும். கோதுமையின் சில ரகங்கள் வேர்நுனியிலிருந்து மாலிக் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தைக் கட்டிப்போடுகின்றன. அதற்கான வாசலின் மரபணுவை 2004-இல் அடையாளம் கண்டார்கள். ரணகள்ளி இரவில் வாக்குவோலுக்குள் பூட்டும் அதே அமிலம்.

களர் நிலம் வேறு வகை. சோடியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு பி.எச். 8.5-ஐத் தாண்டிவிடும். அங்கே ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி, வடிய விட்டால்தான் சோடியம் கழுவிப்போகும். உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை, நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். இரண்டையும் ஒன்றாக எண்ணி மருந்து போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, உர மூட்டையை வாங்குவதற்கு முன் உங்கள் மண்ணின் பி.எச். என்னவென்று கேளுங்கள். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் சொல்லிவிடுவார்கள். மாதிரியை வரப்போரத்திலும் எருக்குழி அருகிலும் எடுக்காதீர்கள். வயலின் பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே தடிமனில் சுரண்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். சீட்டில் வரும் எண் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் இருந்தால் வேரின் மோட்டாருக்கு வேலை சுலபம். அதற்கு மேலோ கீழோ போனால், முதலில் மண்ணைக் கவனியுங்கள், மூட்டையை அப்புறம் வாங்கலாம்.